சலவைக்காரி ஹொனோராவின் சாட்சி

கோட்டை என்று பெயரே தவிர மதில் கிடையாது. புல்வெளிக்கு நடுவே ஒரு மைதானம். அதன் ஒரு பக்கம் அதிகாரிகளின் வீடுகள், எதிர்ப் பக்கம் சிப்பாய்களின் நீளக் கொட்டகைகள். காற்று எந்தத் திசையிலிருந்தும் கேட்காமல் வரும். ஆற்றை ஒட்டிய சரிவில், மைதானத்திலிருந்து பார்த்தால் கண்ணில் படாதபடி, சலவைக்காரிகளின் மரக்குடிசைகள் இருந்தன. சோப்பு வரிசை என்பார்கள். அதில் கடைசிக் குடிசை ஹொனோரா டூஹியுடையது.

அயர்லாந்தில் பஞ்சம் வந்தபோது சித்தியோடு கப்பலேறியவள். நியூயார்க்கில் ஒரு ஓட்டலின் நிலவறையில் படுக்கை விரிப்புகள் துவைத்துக்கொண்டிருந்தாள். மலக்கி டூஹி என்ற சிப்பாய் அவளைக் கட்டிக்கொண்டு, கம்பெனி என்ற தன் படைப்பிரிவு போன இடமெல்லாம் கூட்டிப்போனான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டையும் வெவ்வேறு கோட்டைகளில் புதைத்தார்கள். இந்தக் கோட்டை இருந்த டகோட்டாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், ஆற்றில் ஐஸ் அறுக்கப் போன மலக்கி ஐஸோடு உள்ளே போனான். வசந்தத்தில்தான் கிடைத்தான்.

கம்பெனி அவளை வெளியே அனுப்பிவிடவில்லை. சலவைக்காரி என்று பெயர் பதிந்திருக்கும்வரை ரொட்டி, பன்றிக்கறி, பீன்ஸ், விறகு எல்லாம் உண்டு. கோட்டையில் பெண்கள் குறைவு என்பதால் மறுகல்யாணத்துக்கும் ஆள் வந்தது. ஒருவன் கேட்கும்போதே குடித்திருந்தான். இன்னொருவன் கேட்டுவிட்டு அதே வாரம் ஓடிப்போனான்.

"உன்னைக் கட்டிக்கிறதுக்கு பயந்து பட்டாளத்தை விட்டே ஓடிட்டான் பாரு," என்று பக்கத்துக் குடிசை ஃபிலிப்பீனா சிரித்தாள். ஃபிலிப்பீனா ஜெர்மன்காரி. புருஷன் எக்காளம் ஊதுகிறவன். ஐந்து பிள்ளைகள்.

"நல்லவேளை, கட்டிக்கிட்டு ஓடல," என்றாள் ஹொனோரா.

அப்படியே வருஷங்கள் போயின. காலையில் ஆற்றுத் தண்ணீர் சுமப்பது, கொப்பரையில் காய்ச்சுவது, கொழுப்பும் சாம்பல் நீரும் கலந்த சோப்பில் கைகள் வெடிப்பது, கொடியில் விறைத்துப்போன சட்டைகளைப் பலகை மாதிரி அடுக்கி எடுத்து வருவது. மழை பெய்தால் மண்கூரை ஒழுகும், நின்ற பிறகும் ஒரு நாள் ஒழுகும். மாலையில் ஃபிலிப்பீனா வீட்டுச் சத்தம் சுவர் தாண்டி வரும். ஹொனோரா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதில் ஒரு மாற்றம் வந்தது லெப்டினன்ட் வேரிங்கின் மனைவியால். க்ளாரிஸா ஒஹையோவிலிருந்து வந்தவள். பத்தொன்பது வயதுக்கு மேல் இருக்காது. அவளுக்கு வலி எடுத்த அன்று கோட்டை டாக்டர் மான்வேட்டைக்குப் போயிருந்தார். சலவைத் துணி வாங்க வந்த ஹொனோராதான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பொழுது சாய்வதற்குள் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு க்ளாரிஸா அவளை விடவில்லை. அதிகாரி மனைவி சலவைக்காரியோடு உட்கார்ந்து டீ குடிப்பது அங்கே நடக்காத காரியம். முன்னறையில் நடக்காது. பின்கட்டுச் சமையலறையில் நடந்தது. அங்கே அவள் ஹொனோராவை "மிஸஸ் டூஹி" என்றாள். மைதானத்தில் வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு க்ளாரிஸா தலை சீவிக்கொள்வாள். ஹொனோரா அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, க்ளாரிஸா காய்ச்சலில் மறுபடி படுத்துவிட்ட வாரத்தில் கேப்டன் ஸ்டோக்லி வந்து சேர்ந்தார்.

ஹொனோரா பெயர் பதிந்திருந்த டி கம்பெனிக்கு இரண்டு வருஷமாகக் கேப்டன் இல்லை. வேரிங்தான் பொறுப்பில் இருந்தான். பதவி தனக்கே வரும் என்று நம்பியிருந்தான், மனைவியிடமும் சொல்லியிருந்தான். ஸ்டோக்லி வாஷிங்டனில் மேசைக்குப் பின்னால் தலை நரைத்த மனிதர். கோட்டை வாழ்க்கை பார்த்தவரில்லை. கல்யாணமாகாதவர். தணிந்த குரல். குதிரையேறும்போது சாட்டையைத் தோல்வாரில் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார். இறங்கிய பிறகும் கழற்ற மறந்துவிடுவார். சிப்பாய்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

படையில் வீடு யாருக்கும் சொந்தமில்லை. மூத்தவர் வந்தால் தனக்கு இளையவர் எவர் வீட்டையும் காட்டி, இது எனக்கு என்று சொல்லலாம். அவர் வெளியேறி, தனக்கு இளையவரின் வீட்டை எடுத்துக்கொள்வார். அவர் தனக்கும் கீழே இருப்பவருடையதை. வரிசையாக நிற்க வைத்த செங்கல்லில் முதலாவதைத் தட்டியதுபோல. "செங்கல் விழுது" என்றுதான் இதைப் படையில் சொல்வார்கள். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியேறுகிறவர் வெளியேற்றியவருக்கு அன்று மாலை ஒரு கிளாஸ் விஸ்கி ஊற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

ஸ்டோக்லி வந்த அன்று மேஜர் ஃபெரிஸ், கோட்டைத் தலைவர், எந்த வீடு வேண்டும் என்று கேட்டார். ஸ்டோக்லி மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புகைபோக்கி நேராக இருந்த ஒரு வீட்டைக் காட்டினார். அது வேரிங்குடையது. உள்ளே பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. அதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்வது கெஞ்சுவதாகும்.

செங்கல் விழுந்தது. வேரிங், பெல் என்ற இளைய லெப்டினன்டின் வீட்டை எடுத்தான். பெல் போக அதிகாரி வீடு மிச்சமில்லாததால் கம்பெனி சார்ஜென்டின் இரட்டை அறை அவனுக்கு. சார்ஜென்ட், தன் மனைவி பிள்ளைகளோடு சோப்பு வரிசைக்கு வந்து, ஹொனோராவின் குடிசை வாசலில் நின்றான். அவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"உனக்குக் கூடாரம் ஒண்ணு தர்றாங்க டூஹி. புதுத் துணி. ஓட்டை கிடையாது."

"எனக்குக் கீழ யாராவது இருக்காங்களா சார்ஜென்ட்?"

"யாரு இருக்கா? கோழிதான்."

"சரி, அப்போ கோழிகிட்ட சொல்லிடறேன்."

சார்ஜென்ட் சிரித்தான். அவள் தன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். அதிகம் இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், பாதி மைதானம் நாற்காலியும் கட்டிலுமாகக் கிடந்தது. பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. பெல்லின் மனைவி, நாலு வருஷத்து ஜன்னல் திரைகளைக் கழற்றி மடித்துவிட்டு, சார்ஜென்டின் அறையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். வேரிங்கின் சாமான்கள் அவன் வீட்டு முன் தாழ்வாரத்தில் இருந்தன. க்ளாரிஸா மட்டும் இன்னும் உள்ளறைக் கட்டிலில். கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஹொனோரா சமையலறையில் குழந்தைத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து நடை வழியே தாழ்வாரம் தெரியும்.

ஸ்டோக்லி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். வேரிங் எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"லெப்டினன்ட், எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. உங்க மனைவி இப்படி இருக்கும்போது... நீங்க எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருங்க. எனக்கு ஒரு ரூம் போதும். அதுவும் முடியாதுன்னா நான் மேஜர் வீட்டுல தங்கிக்கிறேன்."

"நாங்க காலி பண்ணிட்டோம் சார்."

"திரும்ப வச்சிக்கலாமே. ஆளுங்க இருக்காங்க."

"பெல் காலி பண்ணிட்டான். சார்ஜென்ட் காலி பண்ணிட்டான். எல்லாரையும் கூப்பிட்டு, அவங்கவங்க வீட்டுக்கே திரும்பிப் போங்க, வேரிங் பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு கேப்டன் மனசு இரங்கிட்டார்னு சொல்லணுமா?"

"அதுல என்ன இருக்கு? நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சொல்லிக்கொண்டே ஸ்டோக்லி கையைத் தூக்கி வேரிங்கின் தோளில் வைத்தார். வயதில் மூத்தவர் வைப்பது மாதிரி. சாட்டை மணிக்கட்டிலிருந்து தொங்கி ஆடியது. வேரிங்கின் முகம் வெளுத்ததை ஹொனோரா பார்த்தாள். அவளுக்கு அது புரிந்தது. கேப்டன் வீட்டைப் பிடுங்கியபோது அது படை வழக்கம். பிடுங்கிய வீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது பிச்சை ஆகிவிட்டது.

வேரிங் தோளை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நடையில் ஆணியில் மாட்டியிருந்த இடுப்பு வாரிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்தான். ஹொனோராவைப் பார்த்தான், ஆனால் அவள் அவன் கண்ணில் பதியவில்லை. அவள் "சார்" என்றாள். தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்த தொட்டிலை ஸ்டோக்லி குனிந்து நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தபோது வேரிங் சுட்டான்.

அவள் ஓடிப்போய்க் கேப்டனின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். ஈரத்துணி இன்னும் கையில் இருந்தது. அதைக் காயத்தில் வைத்து அழுத்தினாள். கேப்டன் அவளுடைய முன்துணியைப் பிடித்துக்கொண்டார். அவள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். தப்பா ஒண்ணும் சொல்லல."

மைதானத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் கோட்டை முழுக்க ஒரே கதைதான். மைதானத்தில் நின்றவர்கள் பார்த்தது என்னவோ பார்த்ததுதான். கேப்டனின் கை உயர்ந்தது, கையில் சாட்டை இருந்தது, வேரிங் சுட்டான். பேச்சு காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. வேரிங் உள்ளே போய் வந்ததைச் சாமான்கள் மறைத்திருந்தன. ஒரு அதிகாரியை, அவன் வீட்டு வாசலில், உள்ளே பிள்ளை பெற்ற மனைவி படுத்திருக்கும்போது சாட்டையால் அடிக்க ஓங்கினால் வேறென்ன நடக்கும்? சிப்பாய்கள்கூட அதை ஒப்புக்கொண்டார்கள். ஸ்டோக்லிக்காகப் பேச அங்கே ஒருவருமில்லை. அவருக்கு அறிமுகமாகவே நேரம் இருந்திருக்கவில்லை.

நாற்காலிகளும் கட்டில்களும் பழைய வீடுகளுக்குத் திரும்பின. சார்ஜென்ட் ஹொனோராவின் குடிசைச் சாவியைத் தானே கொண்டுவந்து கொடுத்தான்.

மேஜர் ஃபெரிஸ் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே புதிது.

"நீ சமையலறையில இருந்தே."

"ஆமா சார்."

"துணி பிழிஞ்சிட்டு. தண்ணிச் சத்தம். வெளிய காத்து வேற. பெருசா ஒண்ணும் கேட்டிருக்காது."

அவள் வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லிடு. அதுல தப்பே இல்ல. டவுன் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்காது, இந்தக் குளிர்ல."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"கேட்டுச்சா இல்லையாங்கறதுல யோசிக்க என்ன இருக்கு டூஹி?" என்றார் மேஜர், களைப்போடு. அவர் கெட்டவர் இல்லை.

ஃபிலிப்பீனா கொடியில் துணி போட்டுக்கொண்டே சொன்னாள்: "செத்தவன் வந்து சட்டை போடப்போறதில்ல. உன் வீடு உனக்குக் கிடைச்சிருச்சு. வாயில துணி மாட்டற கவ்வி ஒண்ணை வச்சிக்க, வச்சாப் பேச வராது." வாயில் இருந்த மரக்கவ்வியோடே சொன்னதால் பாதி புரிந்தது.

க்ளாரிஸா எழுந்து உட்கார ஆரம்பித்திருந்தாள். புருஷனைக் காவலில் வைத்திருந்தார்கள். அவள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது. ஹொனோரா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"கேப்டன் சாட்டையை ஓங்கினாராமே. நீங்க பார்த்தீங்களா மிஸஸ் டூஹி?"

"டீ ஆறுதும்மா. குடிங்க."

"நான் படுத்திருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சு." டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அவரை விட்டுடுவாங்களாம். வக்கீல் சொல்றாரு. விட்டதும் ராஜினாமா பண்ணிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவோம். பெரிய வீடு. ஆப்பிள் தோட்டம் இருக்கு. நீங்களும் வந்துடுங்க."

"நான் எதுக்கும்மா?"

"குழந்தையைப் பார்த்துக்க. இவ உங்க கிட்டதான் தூங்கறா. எங்கிட்ட அழறா." முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "மாடி அறை ஒண்ணு இருக்கு. அதுல அடுப்பும் இருக்கு. உங்களுக்கு இங்க யாரு இருக்கா?"

ஹொனோரா குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லிய ரோமம் இருந்தது. தன் இரண்டாவது பிள்ளைக்கும் அப்படி இருந்ததா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

"யாரும் இல்லம்மா," என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒஹையோவில் இருந்தாள். தண்ணீர் சுமக்கும்போதும், கொப்பரையைக் கிண்டும்போதும். மாடி அறை, அடுப்பு, கீழே நடக்கப் பழகும் குழந்தை. ஒரு வார்த்தை சொல்லாமலிருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை கேப்டனின் உடைமைகளை மைதானத்தில் ஏலம் போட்டார்கள். இறந்த அதிகாரியின் பொருள்களை மற்ற அதிகாரிகள் வாங்கிக்கொள்வதும், பணம் வீட்டாருக்குப் போவதும் வழக்கம். செத்தவன் மேல் மரியாதை இருந்தால் உடைந்த சீப்புக்குக்கூடப் போட்டி நடக்கும். ஸ்டோக்லியின் பெட்டியைத் திறந்து சார்ஜென்ட் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். பூட்ஸ். ஷேவிங் கண்ணாடி. ஹொனோரா துவைத்து மடித்துக் கொடுத்திருந்த இரண்டு சட்டைகள். யாரும் விலை கேட்கவில்லை. அதிகாரிகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். சார்ஜென்ட் திரும்பப் பெட்டியில் வைத்தான். சட்டைகளைச் சரியாக மடிக்கத் தெரியவில்லை, சுருட்டி வைத்தான்.

ஹொனோரா சரிவின் மேல்விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக அலுவலகத்துக்குப் போய், தாழ்வாரத்தில் பேசியதெல்லாம் தனக்குக் கேட்டது என்று மேஜரிடம் சொன்னாள்.

டவுனுக்கு வண்டியில் இரண்டு நாள். கோர்ட்டு ஒரு மதுக்கடையின் மேல்மாடியில் நடந்தது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள், கடைக்காரர்களும் பண்ணைக்காரர்களும். வேரிங் நல்ல உடையில் நேராக உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் க்ளாரிஸா குழந்தையோடு. ஹொனோரா கேட்டதையும் கண்டதையும் சொன்னாள். கை தோளில் இருந்தது என்றாள். துப்பாக்கி ஆணியில் இருந்தது என்றாள். க்ளாரிஸா பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

வேரிங்கின் வக்கீல் எழுந்தார். குண்டான, சிரித்த முகம்.

"பட்டாளத்துல நீ யாருக்குக் கீழம்மா?"

"எல்லாருக்கும் கீழ சார்."

பெஞ்சுகளில் சிரித்தார்கள்.

"இந்தக் கேப்டன் வந்ததால உன் குடிசையும் போச்சு, இல்லையா?"

"போச்சு சார்."

"அவர் செத்ததும் திரும்பக் கிடைச்சுது."

"கிடைச்சுது."

"அப்போ அவர் மேல உனக்கு என்ன அவ்வளவு பாசம்?"

"பாசம் ஒண்ணும் இல்ல சார். ரெண்டு சட்டை துவைச்சேன். அவ்வளவுதான் பழக்கம்."

"பின்னே ஏன் இத்தனை தூரம் வந்தே?"

அவள் யோசித்தாள். "அவரு எதுக்கு வந்தார்னு தெரிஞ்சவ நான் ஒருத்திதான் இருக்கேன்," என்றாள்.

வக்கீல் பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். கழுதைக்கு என்ன தெரியும் என்பதுபோல இல்லை. பாவம் என்பதுபோல.

பன்னிரண்டு பேரும் வெளியே போய், ஒரு சுருட்டு பிடிக்கிற நேரத்தில் திரும்பி வந்தார்கள். குற்றமில்லை என்றார்கள். அதிகாரிகள் எழுந்து வேரிங்கின் கையைக் குலுக்கினார்கள். அவன் கைகொடுத்தான், முகத்தில் ஒன்றுமில்லை.

திரும்பும்போது சாட்சிகளெல்லாம் ஒரே வண்டி. எவரும் அவளைத் திட்டவில்லை. கம்பளி பகிர்ந்துகொண்டார்கள், அவளுக்கும் ஒரு முனை கொடுத்தார்கள். ரொட்டி கொடுத்தார்கள். பேச்சு மட்டும் அவளைச் சுற்றிப் போனது. கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல. இரண்டாம் நாள் மத்தியானம் அவள் தானாகவே வண்டியின் பின்பக்கம் போய், போன பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கோட்டையில் அதிகாரிகளின் துணிகள் ஃபிலிப்பீனாவிடம் போயின. யாரும் உத்தரவு போடவில்லை. சிப்பாய்கள் வழக்கம்போல அவளிடமே கொண்டுவந்தார்கள். கொடுத்துவிட்டு நின்று பேசாமல் போனார்கள்.

"உனக்கென்னடி பிடிச்சுது?" என்றாள் ஃபிலிப்பீனா. கோபமில்லை. உண்மையிலேயே விளங்கவில்லை. "நீ சொன்னதால அவனைத் தூக்குலயா போட்டாங்க? அதுவும் இல்ல. சும்மா இருந்திருந்தா இந்நேரம் ஆப்பிள் தின்னுட்டு இருப்பே."

"ஆமா," என்றாள் ஹொனோரா.

வேரிங் தம்பதி புறப்படுகிற நாள் காலை, வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது, க்ளாரிஸா சரிவில் இறங்கி வந்தாள். அதிகாரி வீட்டுப் பெண் சோப்பு வரிசைக்கு வந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. ஃபிலிப்பீனாவின் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தன. அவள் கையில் குழந்தை, சால்வைக்குள் மூக்கு மட்டும் தெரிந்தது. வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வாங்கம்மா. புகை இருக்காது."

"வேண்டாம். வண்டி நிக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒண்ணு கேக்கணும். நீங்க கோர்ட்டுல சொன்னது... கேப்டன் எங்களை இருக்கச் சொன்னாரா? நிஜமாவா?"

ஹொனோராவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோர்ட்டில் சொன்னதைவிடக் கஷ்டமானது இனிமேல்தான் இருந்தது. மேலே, சரிவின் விளிம்பில் நின்ற வண்டியருகே வேரிங் நின்று குதிரை வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனோடு இந்தப் பெண் ஒஹையோவரை போக வேண்டும். அதற்குப் பிறகும் நிறைய நாள் இருக்கிறது.

"ஆமாம்மா. இருக்கச் சொன்னாரு."

"எனக்காகவா?"

"உங்களுக்காகத்தான்."

க்ளாரிஸா தலையாட்டினாள். அழுவாள் என்று ஹொனோரா நினைத்தாள், அழவில்லை.

"என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். இனிமே அதைப் பத்திப் பேசாதேன்னாரு." குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் மிஸஸ் டூஹி."

"இருந்திருக்கலாம்மா."

"எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்."

 ஹொனோராவின் கைகள் சோப்பு நுரையாக இருந்தன. முன்துணியில் துடைத்தாள். குழந்தையை ஒருமுறை கொடுங்கள் என்று கேட்க வாயெடுத்தாள். க்ளாரிஸாவும் ஒரு அடி முன்னால் வந்த மாதிரி இருந்தது. மேலிருந்து வண்டிக்காரன் கூப்பிட்டான். அவள் திரும்பி, பனியில் வழுக்காமலிருக்கப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்துச் சரிவேறினாள்.

வண்டி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனது. சோப்பு வரிசையிலிருந்து பார்த்தால் மைதானம் தெரியாது. சக்கரச் சத்தம் மட்டும் கொஞ்சநேரம் கேட்டது. ஹொனோரா அந்தச் சத்தம் ஓயும்வரை வாசலில் இருந்தாள். பிறகு கொப்பரையில் தண்ணீர் கொதித்துவிட்டதால் உள்ளே போனாள்.